அரோன்யா கண்ட கனவும் அத்தை ஏற வேண்டாத கப்பலும்

மூன்றாற்றுக் கோட்டை,
புதிய பிரான்சு.

தியேப் துறைமுகத்தில் பெருமையோடு வாழ்ந்துவரும் மாமியார் மதலேன் அத்தை அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் மத்துரேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. தேவமாதா தயவால் இங்கே யாவரும் சேமம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுத மனம் வராது.

வீட்டை விற்றுவிட்டு அடுத்த கோடைக் கப்பலில் மகள் பெரீனோடு இருக்க வருவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷத்தில்தான். ஆனால் அத்தை, வேண்டாம். உங்கள் முட்டிவலிக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது. பனிக்காலத்தில் திராட்சை ரசத்தைக் கோடாலியால் வெட்டித்தான் குடிக்கிறோம். இந்நாட்டுப் பூர்வகுடிகளான வெந்தாத்து மக்களோடு நாம் கூட்டு என்பதால் அவர்களுக்கு ஆகாத இரோக்குவா வீரர்கள் நம் மேலும் கோபமாக ஆற்றோரம் பதுங்கியிருக்கிறார்கள். விறகு பொறுக்கப் போனாலும் துப்பாக்கியோடு போகிறோம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் மற்றவர்கள் காணும் கனவைத்தான் பொறுக்க முடியவில்லை. சொல்கிறேன், நீங்கள் பதற்றப்படாதீர்கள். பதற்றப்படுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெந்தாத்துக்காரர்கள் கோடைதோறும் தோணி தோணியாகத் தோல் கொண்டுவருவார்கள். அவர்களில் அரோன்யா என்பவர் எனக்கு அண்ணன் முறை. முறையை வைத்தது அவர், பயப்படுவது நான். அவர்கள் தோணி வராவிட்டால் நமக்கு வியாபாரமும் இல்லை, ஆற்றில் துணையும் இல்லை. அவர்கள் வழக்கம் என்னவென்றால், கனவில் ஒரு பொருளைக் கண்டால் அதை உயிரே கேட்கிறது என்று அர்த்தம். கிடைக்காவிட்டால் கண்டவர் நோயில் விழுவார். அதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், விடுகதை போடுவார்கள், நாம்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். போன வாரம் அரோன்யா, அவர் அக்கா, தோணிக்காரர்கள் எல்லோரும் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"தம்பி, ஒரு கனவு. கேக்காம எடுக்கும். காலுக்கு வெள்ளையுறை போட்டிருக்கும். பகல் பூரா தூங்கும், யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. என்ன அது?"

எனக்குக் கோட்டைத் தலைவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. செம்புக் கெண்டியா என்று கேட்டுக் கொண்டுவந்து வைத்தேன். இல்லை என்று தலையாட்டினார்கள். கோடாலி வைத்தேன், கம்பளி வைத்தேன், என் இராத்தொப்பி, பெரீனின் பூசைக்குப் போகும் பாவாடை எல்லாம் வைத்தேன். விடை தெரிந்ததும் மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீடு காலியாவதைப் பார்த்து எனக்கு வேர்த்துக் கொட்டியது.  உங்கள் மகளோ சமையலுக்குக் கட்டும் முன்துணிக்குள் கையை விட்டுக்கொண்டு கல்லாக நின்றாள். கடைசியில் அந்த முன்துணியே 'மியாவ்' என்றது. கூட்டம் ஆரவாரம் செய்தது. எல்லாம் திரும்பி வந்தது, நீங்கள் சீதனமாகக் கொடுத்தனுப்பிய பூனை மினெத் மட்டும் போய்விட்டது.

"பூனையைத்தான் கேக்குறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கலாம்ல? ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தீங்களே" என்றாள் பெரீன். அன்றிலிருந்து கஞ்சியில் உப்பில்லை.

உப்பு போகட்டும், மாவும் போக ஆரம்பித்தது. ஊருக்கே அது ஒன்றுதான் பூனை. எலிகள் பட்டப்பகலில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து என்னையே முறைக்கின்றன. ஆறு உறைந்தால் கோடைவரை கப்பல் கிடையாது, மாவு தீர்ந்தால் நாங்களும் தீர்ந்தோம். அதனால் நானும் ஒரு கனவு கண்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆற்றங்கரையில் அரோன்யா தங்கியிருந்த குடிலுக்குப் போனேன்.

"கனவா? உனக்கா? தூங்கினவன் கண்ணு மாதிரி இல்லையே தம்பி, கோவைப்பழமாச் சிவந்திருக்கு. சரி, சொல்லு."

"நாலு காலு. மீசை. எலி பிடிக்கும். மியாவ்னு கத்தும்."

அரோன்யா ரொம்ப நேரம் யோசித்தார். "சோளமா?" என்றார்.

ஒரு மூட்டை சோளம் வந்தது. அவர் அக்கா "மியாவ்னு கத்துமா... அப்ப காஞ்ச மீனுதான்" என்று ஒரு கட்டு மீன் வைத்தாள். இன்னொருவர் கரடிக்கொழுப்பு வைத்தார். மேலும் சோளம். சிரிப்பை அடக்கமாட்டாமல் தோணிக்காரர்கள் வெளியே ஓடினார்கள்.

"விடை தெரியலையே தம்பி. தெரியிறவரைக்கும் இதெல்லாம் உங்கிட்டயே இருக்கட்டும். பனிக்காலத்துல யோசிச்சுப் பாக்கிறோம்" என்றார் அரோன்யா. எங்கள் மாவு போகிற விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கும்பிட்டேன் அத்தை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், சோளத்துக்கு என்று பக்கத்து வீட்டு எலிகளும் வந்துவிட்டன.

ஆகையால் அத்தை, ராத்திரி எலி, வாசலில் விடுகதை, ஆற்றில் அம்பு, இப்படி இருக்கிற இடத்துக்கு நீங்கள் எதற்கு? தயவுசெய்து வீட்டை விற்காதீர்கள். அன்பாக ஒரு பூனையை மட்டும் கப்பலேற்றுங்கள். அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் என் வணக்கம். கர்த்தர் உங்களை அந்த வீட்டிலேயே, அந்தக் கணப்புப் பக்கத்திலேயே, நெடுங்காலம் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு, உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
மத்துரேன்.

பின்குறிப்பு: கடிதத்துக்கு முத்திரை வைக்க மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும்போது பெரீன் வந்து, "நானும் கனவு கண்டேன்" என்றாள். "அது திட்டிக்கிட்டே இருக்கும். கை சொரசொரன்னு இருக்கும். நெத்தியில வெச்சா காய்ச்சல் போயிடும்." கெண்டியைக் கொண்டுவந்தேன், பாவாடையைக் கொண்டுவந்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஊருக்குப் புறப்பட்ட அரோன்யா சொல்லிக்கொள்ள வந்தார், கையில் மினெத். "கனவுக்கு என் நெஞ்சு மேல ஒரு தடவை படுத்தாப் போதும், படுத்துடுச்சு. உன் பூனை மிச்ச நாளெல்லாம் என் மீன்மேலதான் படுத்துச்சு" என்று கொடுத்தார். பெரீனின் விடுகதையை ஒரே தடவை கேட்டுவிட்டு, "அவ அம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை உண்டாயிருக்கிற பொண்ணு வேற யாரைத் தம்பி கேப்பா?" என்றார். கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விடுகதை என்றால் எனக்கு எப்போதும் கடைசியில்தான் விளங்கும்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்றால் கடிதம் கொண்டுபோகும் படகுக்காரன் கூப்பிடுகிறான். கனவில் கண்டதைக் கொடுக்காவிட்டால் கண்டவர் நோயில் விழுவார் அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டை விற்றுவிடுங்கள். பூனை வேண்டாம், நீங்கள் வாருங்கள். முட்டிவலிக்குத் தேய்க்கக் கரடிக்கொழுப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.