கேஸில் இல்லாத கால்

விடையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, பழுப்பு உறைக்குள் போட்டு, ஓரத்தில் கோந்து தடவி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்கவே உட்காரும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தத் தொழிலை எடுத்தாலும் அதில் ஒருவராவது இருப்பார். இதோ, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரி மாடி வகுப்பறையில் மேசைமேல் குனிந்து கோந்து காய ஊதிக்கொண்டிருக்கிறாரே, இவர் பிசியோதெரபிஸ்டுகளுக்கு வகுப்பெடுப்பவர். பெயர் எதற்கு? வகுப்பில் வைத்த பட்டமே போதும்: புதிர் வாத்தியார்.

வகுப்புக்கு வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. வாரமெல்லாம் ஆஸ்பத்திரிகளில் பிறர் முழங்காலை மடக்கி நீட்டி, தங்கள் இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, சனிக்கிழமைத் தூக்கத்தையும் விட்டுவிட்டு வருகிறவர்கள். எதற்கு? வலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் தசைப்பிடிப்பு இல்லை. முதுகு வலிக்கும், கல் சிறுநீரகத்தில் இருக்கும். இதுவா அதுவா என்று பிரித்துப் பார்க்காமல் தைலப் புட்டியைத் திறக்காதே என்று கற்றுக்கொள்ள. நல்ல பாடம். வாத்தியாருக்கு அதில் நல்ல ஞானமும் உண்டு.

ஒரே ஒரு வருத்தம்தான் அவருக்கு. யாராவது விடையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. "இருக்கலாம்" என்பார், தன் குழந்தையை யாரோ கறுப்பு என்று சொல்லிவிட்ட குரலில். அப்புறம் தேநீர் இடைவேளை வரை அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். வகுப்பும் இதைப் புரிந்துகொண்டுவிட்டது. விடை தெரிந்தவர்கள் தலையணை எத்தனை உயரம், மெத்தை பஞ்சா நாரா என்று கேட்டு நேரத்தை ஓட்டுவார்கள். வாத்தியார் உறையைத் தடவிக்கொண்டே, "வேற?" என்பார். என்ன ஆனந்தம் அந்த முகத்தில்!

அவருடைய கேஸ்களில் மகுடம், பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் வலது தோள் வலி என்று அலைந்து, ஒத்தடம், பயிற்சி, கரண்ட் வைத்தியம் எல்லாம் பார்த்து, கடைசியில் கோளாறு தோளிலேயே இல்லை, பித்தப்பைக் கல்தான் அங்கே வலியாய்க் காட்டியது என்று இந்த வாத்தியார் கண்டுபிடித்தார். பித்தப்பையை எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. வலி மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வகுப்பில் வரும். டிரைவரும் இப்போது தேர்ந்த நடிகர். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலி கூடுகிறதா என்று யாராவது கேட்டாலொழிய அதைச் சொல்ல மாட்டார். கேட்டதும் கூரையைப் பார்த்து மூன்று எண்ணிவிட்டு, "அட, ஆமாங்க!" என்பார்.

இந்த வருஷம் டிரைவர் மனைவியோடு வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார்.

"சார், இடது கெண்டைக்கால் மூணு நாளா இழுக்குது."

"நம்ம கேஸ் வலது தோளுங்க."

"தோளுக்கு இப்ப ஒண்ணும் இல்லையே சார்."

"இன்னிக்கு இருக்கு."

மனைவி விடவில்லை. "காலையில செருப்பு வார் பூட்டவே முடியல. இடது கால்ல மட்டும். நீங்களே பாருங்களேன்."

"அம்மா, நடுவுல புகுந்து குழப்பாதீங்க. வகுப்பு குழம்பிடும்."

"அவரு காலை வீட்டுல கழட்டி வச்சுட்டா வரமுடியும்?"

வாத்தியார் சிரித்துவைத்தார். வகுப்பு தொடங்கியது. "நோயாளி சொல்றதை முழுசாக் கேளுங்க. அவர் சொல்லச் சொல்ல நீங்க முடிவு கட்டிடாதீங்க" என்று உருக்கமாகச் சொன்னார். டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். முனகலின் நடுவே இரண்டு தடவை குனிந்து காலைப் பிசைந்தார். வாத்தியார் கண்ணாலேயே அதட்டினார்: தோள், தோள்! முன்வரிசையில் ஒருவர் காலைக் குறிப்பெடுக்கப் போக, "அது கேஸ்ல இல்லை. நான் வைக்காத துப்பை எடுக்காதீங்க" என்றார். அவரும் கீழ்ப்படிந்து எழுதியதை அடித்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து உறை கிழிந்தது. பித்தப்பை! கைதட்டல். நிறைந்த மனசோடு வாத்தியார் தாராளமானார். "பாவம், கால் இழுக்குதுன்னாரு. யாராவது தைலம் போட்டு அஞ்சு நிமிஷம் அழுத்தித் தேய்ச்சு விடுங்க."

எழுந்து வந்தவர் பின்வரிசைக்காரி. முதியோர் இல்லத்தில் பதினைந்து வருஷமாக வேலை. தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு இடது காலைத் தொட்டார். வலது காலைத் தொட்டார். மறுபடி இடது. பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எங்கயாவது தூரப் பயணம் போனீங்களா அண்ணே?"

"மக வீட்டுக்குங்க. பஸ்ல பதினாலு மணி நேரம்."

"சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்ல. ஓட்டுறவனை நம்பாம இவரும் கூடவே பிரேக் போட்டுக்கிட்டு வந்தாரு" என்றார் மனைவி.

"சார், நான் தேய்க்க மாட்டேன். டேப் குடுங்க."

அளந்தார். இடது கெண்டைக்கால் வலதைவிட மூன்றரை சென்டிமீட்டர் பெருத்திருந்தது. சூடாக, சிவந்து, அழுத்திய விரலின் குழி அப்படியே நின்றது. எல்லாருக்கும் தெரியும். உட்கார்ந்தே பயணம் செய்த காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். போனால் ஆளே போய்விடலாம். மூன்றாவது வாரப் பாடம் அது. நடத்தியது வாத்தியார்தான்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷமாகப் பழகிய மனுஷன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால், தன் வாயால் சொல்லி... ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சக்கர நாற்காலிக்கு ஆள் அனுப்பாமல் தானே ஓடினார். "நடக்க விடாதீங்க!" என்று படிக்கட்டிலிருந்தே கத்தினார். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. நல்லவேளை, இடம் பெயரவில்லை. ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் யாரோ கை மரத்துப்போகுது என்று ஆரம்பித்தபோது, "எந்நேரமும் போனு, அதான்" என்று வாக்கியத்தை முடித்துவைத்தது யார்? எந்தக் கை என்று கேட்டீர்களா? இப்போது யோசித்தால் தெரிகிறதா, வலதா இடதா? உங்கள் உறைக்குக் கோந்துகூடத் தேவைப்படவில்லை பாருங்கள். வாத்தியாராவது மறுநாள் காலையில் ஒன்று செய்தார். கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

வார்டு திறந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து டிரைவரின் கட்டிலருகே உட்கார்ந்தார். புதுக் கேஸ் எழுதுகிறாராம், அடுத்த வருஷத்துக்கு. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"'அனுபவமில்லாத ஒரு சிகிச்சையாளர் காலைத் தேய்க்கச் சொன்னார்'னு போட்டிருக்கீங்க. அது யாரு?"

வாத்தியார் பேனாவை மூடித் திறந்தார்.

"உங்களுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"இருபத்தாறும்மா."

"அப்ப அதைப் போடுங்க."

வாத்தியார் 'அனுபவமில்லாத' என்பதை அடித்தார். 'இருபத்தாறு வருஷ அனுபவமுள்ள' என்று எழுதினார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதற்காக, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.