பாறைச்சாமி கண்டெடுத்துக் கொடுத்த செல்போன்

ஒரு காட்டில் செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. பக்திதான் கிடைக்கவில்லை. பாறைச்சாமி கோயில் பூசாரியான மாடப்பன் என்ற குரங்கு, விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

"ஆடி முடியறதுக்குள்ள கூட்டம் வரலைன்னா, அந்த இடத்துல செல்ஃபி பாயிண்ட் கட்டிடுவேன்" என்று சிங்கராஜா சொல்லிவிட்டார்.

மாடப்பன் பயமுறுத்திப் பார்த்தது. "கும்பிடாதவங்க தலையில இடி விழும்!"

பயந்துபோய் எல்லோரும் வந்தார்கள். வரிசையில் நின்று கொட்டாவி விட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

கோயில் சுனைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது கரடி செங்கமலம். அதற்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. ஆற்றோரக் காட்டில் வெள்ளம். அங்கே வாக்கப்பட்ட தங்கையிடமிருந்து தகவலே இல்லை. செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கரடி குனிந்ததுதான் தாமதம், மாடப்பனின் கை சும்மா இருக்கவில்லை. குரங்குப் புத்தி!

"ஐயோ, என் தங்கச்சி கூப்பிடுவாளே!"

கரடி போட்ட கூச்சலில் மாடப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் போனைப் பாறையடியில் வைத்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

போன் அடித்தது. கரடி ஓடிவந்து எடுத்தது.

"அக்கா, மேட்டுக்கு ஏறிட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம்."

செங்கமலம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "காத்து எவ்வளவு இதமா இருக்கு! இந்த எறும்புகூட அழகா இருக்கே!" என்றது. பிறகு எதிரே இருந்த பாறையைப் பார்த்து, "சாமி!" என்று விழுந்து கும்பிட்டு ஓவென்று அழுதது.

மரத்திலிருந்த மாடப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அப்படியொரு கும்பிடை அது பார்த்ததேயில்லை.

அப்புறம் என்ன? மானின் கொலுசு, முயலின் குடை, கிழநரியின் பல்செட் எல்லாம் காணாமல்போய்ப் பாறையடியில் கிடைத்தன. கிடைத்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். கூட்டம் அலைமோதியது. கிரீடம் திரும்பக் கிடைத்த சிங்கராஜாவோ, பிடரியை மழித்து மொட்டையே போட்டுக்கொண்டார்.

ஒருநாள் ஆமையின் கைத்தடியோடு மாடப்பன் கையும் களவுமாகப் பிடிபட்டது. பிடித்தது செங்கமலம்.

"அப்ப என் போனை எடுத்ததும் நீதானா?"

"ஆமாக்கா" என்றது மாடப்பன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கரடி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டியது.

"இதை எங்கயாவது ஒளிச்சு வை. கொஞ்ச நாளா மனசு வறண்டு கெடக்கு. எங்கேன்னு மட்டும் சொல்லிடாதே."

நீதி: பக்தர்கள் தங்கள் உடைமைகளைக் கவனக்குறைவாக வைத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.