தீர்க்கதரிசி வீட்டு வாஷிங் மெஷின்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியம். நான் வாங்கிய பங்குகளுக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. அதைவிடப் பெரிய பிரார்த்தனை, வருகிற திங்கட்கிழமை நீ ஆபீசில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கக் கூடாது என்பது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

"வேலையை விட்டுடு, பங்கே உனக்குச் சோறு போடும்" என்று போன மாதம் உன் வீட்டில் மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டே சொன்னவன் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது என் சொந்த வாக்கு அல்ல. 'நாளை மறுநாள்' என்ற செய்திமடலில் வாராவாரம் எதிர்காலத்தைப் பார்த்து எழுதுகிறாரே ஒரு தொழில்நுட்ப மேதை, அவர் வாக்கு. நான் அவரைத் தீர்க்கதரிசி என்றுதான் சொல்வேன். தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் வாஷிங் மெஷின் வந்துவிட்டது, அந்தக் கம்பெனியின் பங்கை வாங்குங்கள், பெல்ட் போட்ட பழைய மெஷின் கம்பெனியை விட்டு ஓடுங்கள் என்று எழுதினார். ஓடினேன். இருபத்திரண்டு வருஷமாக வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன், அந்தப் புது மெஷினையே வாரத்துக்குப் பதினொன்று கழற்றிப் போடுகிறவன் என்ன யோசித்திருக்க வேண்டும்? நானோ, பழுதே வராது என்று அவரே எழுதியிருக்கிறார், அப்படியானால் என்னிடம் வருவதெல்லாம் போலி மெஷின் போலிருக்கிறது என்று யோசித்தேன். பங்கு விலை பாதியானது. "இது சரிவு அல்ல, மூச்சு வாங்குகிறது" என்று எழுதினார். இன்னும் கொஞ்சம் வாங்கினேன். அது மூச்சையே நிறுத்திக்கொண்டது. உன் அக்கா அன்றைக்கே நகைப் பெட்டியின் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை, மெஷின் சுற்றவில்லை என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஈரத் துண்டும் கையுமாகக் கதவைத் திறந்தவர் சாட்சாத் நம் தீர்க்கதரிசி. செய்திமடலின் தலைப்பில் போட்டிருக்கும் அதே முகம். காலில் விழாத குறை. உள்ளே போய்ப் பார்த்தால் பெல்ட் போட்ட இரட்டைத் தொட்டி மெஷின், அதுவும் அவர் எந்தக் கம்பெனியை விட்டு ஓடச் சொன்னாரோ அதே கம்பெனி.

"சார், நீங்க எழுதின புது மெஷினை வாங்கலையா?"

"அதுவா? நெட் இல்லேன்னா கதவைத் திறக்காதுப்பா. மூணு நாள் எங்க துணியெல்லாம் உள்ளேயே கெடந்துச்சு. திருப்பிக் கொடுத்துட்டேன்."

"அப்புறம் எங்களை ஏன் சார் வாங்கச் சொன்னீங்க?"

"மெஷினை யாருப்பா வாங்கச் சொன்னா? பங்கைத்தானே வாங்கச் சொன்னேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதை நேரில் பார்த்துவிட்டேன். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே, புது பெல்ட்டை மாட்டி ஓடவிட்டு, "இனி உங்க பேரன் காலத்துக்கும் ஓடும் சார்" என்றேன். அவர் ஒரு சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். பெல்ட் அளவாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகவே மைத்துனா, அத்தான் சொன்னதை மறந்துவிடு. முப்பதாம் தேதி என்றால் முப்பதாம் தேதி சம்பளம் போடுகிற உன் ஆபீசைப் போல ஒரு தீர்க்கதரிசி உலகத்தில் கிடையாது. நான் கெட்டது போதும், என் பேச்சைக் கேட்டு நீயும் கெட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
புத்தி வந்த உன் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் இந்த வார 'நாளை மறுநாள்' வந்துவிட்டது. இனி பெல்ட்டுக்குத்தான் எதிர்காலமாம். "பேரன் காலத்துக்கும் ஓடும் என்கிறார் துறையின் மூத்த வல்லுநர் ஒருவர்" என்று போட்டிருக்கிறார். அந்த வல்லுநர் நான்தான். உடனே போனும் செய்தார். ஆலோசகராக வந்துவிடச் சொல்கிறார். சம்பளம் கிடையாது, அதற்குப் பதில் செய்திமடல் கம்பெனியில் பங்கு தருகிறாராம். முன்பு அவர் கணிப்புத் தவறியதற்குக் காரணம், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் இல்லாததுதான். இன்று காலை நான் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டேன். உன் அக்காவுக்கு இன்னும் தெரியாது. நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.