தோரா அத்தையின் அறைத் தரை

"நீங்க எங்களோடவே வந்து இருந்துடுங்க அத்தை. புது வீட்டுல தெற்குப் பக்கமா உங்களுக்கு ஒரு ரூம் போட்டுடறோம்."

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்லை."

"அப்போ சரி... பார்த்துக்கலாம்."

போன வசந்தத்தில், கணவனை இழந்து தனியாக இருந்த மாமியார் தோராவிடம் ஆர்டிஸ் பேசிய பேச்சு இது. அமெரிக்காவின் இந்த வடக்கு மினசோட்டாவில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை, நேராக மறுப்பதுமில்லை. 'பார்த்துக்கலாம்' என்றால் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய வீட்டை விற்றாகிவிட்டது. அவளும் கணவன் கோர்வினும் மனையின் ஓரத்தில் ஒரு ட்ரெய்லர் வண்டிக்குள் முடங்கிக் கிடந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் தரைக்குக் கான்கிரீட் கொட்டியாக வேண்டும். மண் உறைந்துவிட்டால் வேலை அடுத்த வசந்தத்துக்குத்தான். அதுவரை ட்ரெய்லரும் கோர்வினின் குறட்டையும்தான் கதி.

கான்கிரீட் லாரி முதல் தடவை வந்து நின்ற காலையில் தோரா அத்தையும் வந்து இறங்கினாள். தலையைச் சுருள் சுருளாகச் சீவி, ஒரு கையில் காபிக் குடுவை, மறு கையில் எலுமிச்சை கேக் தட்டு. தன் அறைக்கான இடத்தை எட்டிப் பார்த்தாள். ஜல்லியின் மேல் குளிரைத் தடுக்கும் நீல ஃபோம் பலகைகள் வரிசையாகக் கிடந்தன.

"கோர்வின், இது ரெண்டு அங்குலம்தானா?"

"போதும்னு சொன்னாங்கம்மா."

"சொன்னா சரிதான். நான் ஒண்ணும் சொல்லலைப்பா. கால் விறைச்சா ரெண்டு சாக்ஸா போட்டுக்கறேன்."

கோர்வினுக்கு அந்த ரெண்டு சாக்ஸ் தாங்கவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பக் கையை உயர்த்திவிட்டான்.

"உனக்கு மூளை இருக்கா? லாரி வாசல்ல நிக்குது!" என்று கத்தினாள் ஆர்டிஸ்.

"அம்மா காலு ஆர்டிஸ்..."

"என் காலைப் பத்தி எவனாவது கேட்டானா?"

கோபப்பட வேண்டிய லாரிக்காரர் ரெய்னோதான் அமைதியாக இருந்தார். மனைவியை இழந்து நெடுநாளான மனிதர். சர்ச்சில் தோரா அத்தைக்குப் பின் வரிசை. "இன்னிக்குக் குளிர்" என்பதைத் தாண்டி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கேக்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தொப்பியைத் தொட்டார்.

"பரவாயில்லம்மா. இந்த லோடு பக்கத்துப் பண்ணைல மாட்டுக்கொட்டகைக்கு ஆகும். கூப்பிடுங்க, திரும்ப வர்றேன்."

அத்தை அறைக்கு மட்டும் இன்னொரு அடுக்குப் பலகை போட்டார்கள். தரை மேடாகிவிட்டது. பலகைகளை எடுத்துவிட்டு ஜல்லியைத் தோண்டினார்கள். கோர்வினின் மண்வெட்டி கழிவுநீர்க் குழாயை இரண்டாகப் பிளந்தது. அதைச் சரிசெய்து எல்லாவற்றையும் திரும்பப் பரப்பி லாரியைக் கூப்பிட்டார்கள். அத்தை வந்தாள், இந்த முறை புது ஸ்கார்ஃபோடு.

"அடியில பிரமாதம். பக்கவாட்டுலதான் ஒண்ணையும் காணோம். சுவரோரமா குளிர் உள்ள ஏறாது? நான் சும்மா கேட்டேன்."

லாரி திரும்பியது. ரெய்னோ புண்ணியத்தில் கேக் தட்டும் காலியானது.

"நம்மளைக் குத்திக் காட்டறதுக்குக்கூட சிங்காரிச்சுக்கிட்டு வர்றாங்க உங்கம்மா!" என்று கையிலிருந்த சுத்தியலை வீசினாள் ஆர்டிஸ். அது ட்ரெய்லரின் ஒரே ஜன்னலை உடைத்தது.

சுவரோரத்துக்குப் பலகை வாங்கி வந்த அன்று ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. ஆளுயரப் பலகைகள் பட்டமாகப் பறந்தன. ஆர்டிஸ் சேற்றில் விழுந்து புரண்டு அவற்றைத் துரத்திப் பிடித்து வந்தாள். ஜன்னலில்லாத ட்ரெய்லருக்குள் பல் கிட்டியது. அடுத்த வாரம் பனி என்றது ரேடியோ.

மூன்றாம் முறையும் லாரி வந்தது. அத்தை உதட்டுச் சாயத்தோடு வந்தாள். குனிந்தாள்.

"இந்த ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரு விரல் போகுதே..."

கோர்வினின் கை தானாக உயர்ந்தது. ஆர்டிஸ் பாய்ந்து அதைப் பிடித்து இறக்கிவிட்டு, லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னிக்கு இது திரும்பிப் போச்சுன்னா நான் சக்கரத்துக்கு அடியில படுத்துடுவேன்! ரெண்டு அங்குலம் போதலை, நாலு போட்டோம். ஓரம்னீங்க, ஓரத்துக்கும் போட்டோம். இப்ப விரல் போகுதா? உங்களுக்கு என்னதான் வேணும் அத்தை? இந்த ஊர்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, மனசுல இருக்கிறதை வாயைத் திறந்து கேளுங்களேன்!"

தோரா அத்தையின் முகம் சிவந்தது. அவள் தன் ஷூவைப் பார்த்தாள். கோர்வின் வானத்தைப் பார்த்தான்.

லாரியின் கதவு திறந்தது. ரெய்னோ இறங்கி வந்தார். காது நுனிவரை சிவந்து, தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அவங்களைத் திட்டாதீங்கம்மா, கான்கிரீட்டைக் கொட்டி முடிச்சுட்டா நான் இங்க வர்றதுக்கு வேற சாக்கே கிடையாது... தோரா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"