பட்டருக்குச் சொல்லியாச்சா?

சோழவரம் முதல் கும்மிடிப்பூண்டி வரை அந்த நாளில் இருந்த கோபக்காரர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, எங்கள் கேன்டீன் பட்டரை மறு தட்டில் உட்கார வைத்தால் பட்டர் பக்கம்தான் தாழும். அதோடும் விடமாட்டார். "இன்னாத்துக்குடா என்னிய நிறுக்கிறீங்க?" என்று தராசு பிடித்தவனுக்கும் நாலு விழும்.

பட்டர் என்றதும் குடுமி, துளசி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மனிதர் பழவேற்காடு பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்து, அவர்கள் கப்பலேறியதும் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனுக்குத் தினக்கூலியாக வந்து சேர்ந்தவர். வெண்ணெய் என்று தவறியும் சொல்லமாட்டார், 'பட்டர்'தான். நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

சனிக்கிழமைதோறும் ஸ்கோன் என்கிற வெள்ளைக்கார டீப் பலகாரம் சுடுவார். தகரப் பெட்டிக்கு மேலும் கீழும் கரி நெருப்பு. வெளியே மொரமொர, உள்ளே பஞ்சு. சுடச்சுட அல்ல, ஆறவிட்டு இரண்டாகப் பிளந்து, நன்னாரி சர்பத் ஊற்றி அடித்த பட்டர் கிரீமைத் தடவித் தருவார். தின்னக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தின்பதற்கு முன் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தெம்பும் வேண்டும். ஒரு வெல்டர் தெரியாத்தனமாக, "அண்ணே, ரெண்டு பன்னு" என்று கேட்டுவிட்டார்.

"பன்னா? எவன்டா பன்னுன்னான்? பன்னு வோணும்னா டீக்கடைக்குப் போடா! இது ஸ்கோன்டா, ஸ்கோன்!" என்றவர், வெல்டர் கையில் இருந்த டீயையும் பிடுங்கிக்கொண்டார்.

துணைக்கு ஒரு புரோட்டா மாஸ்டரை வைத்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் மாவை ஓங்கி அறைந்து பிசைந்தார். பட்டருக்கு வந்ததே ஆத்திரம்! "டேய், டேய்! அது மாவா, உன் மாமியாரா? வெரலு நுனில உதுத்து உடுடா! பட்டர் உருகிச்சுன்னா உன்னிய உருக்கிடுவேன்!" மாஸ்டர் அன்று மாலையே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

நம் ஊர் வெயிலில் வெண்ணெய் உருகாமல் இருக்குமா? அதற்காக மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி முதல் பஸ்ஸில் கொண்டுவருவார். ஸ்கோனில் லேசாக மீன் வாசனை அடிக்கிறது என்று துணிந்து சொன்னவன் நான் ஒருவன்தான். மூன்று வாரம் எனக்கு ஸ்கோன் கிடையாது.

நான் அப்போது ஆபீசில் புது கிளார்க். வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள் பாக்கி. ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அந்த வேலையை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். இந்தச் சமயத்தில் புது இயந்திரத்துக்குப் பூஜை வந்தது. அதைப் பூட்டிக்கொடுத்த வெள்ளைக்கார இன்ஜினீயர் மனைவியோடு வருகிறார், டிபனுக்கு ஸ்கோன் என்று முடிவாகியிருந்தது. எங்கள் புது ஆபீசரோ ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் ஊரில் கோயில் அர்ச்சகருக்குப் பெயர் பட்டர். இது என் மண்டையில் உறைக்கவில்லை.

பூஜைக்கு முதல் நாள் ஆபீசர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "பட்டருக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு சார். எட்டு மணிக்கே வந்து ஆரம்பிச்சிடுவார்."

"சாமானெல்லாம்?"

"அவரே கொண்டுவந்திடுவார் சார்."

"ஆசாரமா இருப்பாரோல்லியோ?"

"வேற யாரையும் கிட்டவே விடமாட்டார் சார்."

"பேஷ்!" என்றார் அந்த மகானுபாவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். மாவிலை கட்டிய இயந்திரத்துக்கு முன்னால் முதலாளி, வெள்ளைக்கார ஜோடி, நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். மணி பத்தேகால். "எங்கேய்யா பட்டர்?" என்று ஆபீசர் பல்லைக் கடித்தார். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பனியனும் மூஞ்சியெல்லாம் மாவுமாக, கையில் தட்டோடு வந்து நின்றார் பட்டர். "இன்னாடா அவசரம்? இன்னும் கிரீமே தடவல!"

ஃபோர்மேன் அவசரமாகக் கற்பூரத்தைக் காட்டித் தேங்காயை உடைத்துச் சமாளித்தார். முதலாளி முகம் கறுத்துவிட்டது. ஆபீசர் அத்தனை பேர் முன்னால் என்மேல் பாய்ந்தார். "முட்டாள்! பூஜை பண்ணக் கோயில் பட்டர் எங்கேய்யா? நீ இன்னும் நிரந்தரம் ஆகலைதானே? இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கறேன் பார்!"

பட்டர் தட்டை ணங்கென்று கீழே வைத்தார். "அவன இன்னாத்துக்கு சார் கத்துற? கோயில் பட்டரு காலீலயே வந்தாரு. நான்தான் கேட்டாண்ட நின்னுகினு, 'இங்க ஒரு பட்டரு போதும், போய்யா'ன்னு தொரத்தி உட்டேன்."

அப்படி ஒரு மனிதர் வரவே இல்லை. ஆனால் பட்டர் ஒருவரைத் துரத்தினார் என்றால் நம்பாதவர் அந்தத் தொழிற்சாலையில் உண்டா? மத்தியானத்துக்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாலு ஸ்கோனை உள்ளே தள்ளி 'ஆகா' என்ற அந்தத் துரைசானிக்கு, சுட்டவன் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. பெரிய மனுஷர்களாம்! அவர்களைச் சொல்லி என்ன? உண்மை தெரிந்த நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடினேன். ஹைவேஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே பொய் சொன்னீங்க?" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அயுவாதடா, பேஜாரு! நான் எங்க போனாலும் அடுப்பு மூட்டிப் பொயச்சிக்குவேன். உனக்கு இன்னா தெரியும்? ஒரு டீ போடத் தெரியுமா? கேட்ட கேள்விக்கு ஒயுங்கா பதில் சொல்லத் தெரியுமா? உன்னிய வெளிய உட்டா எவன்டா வேல குடுப்பான்? போடா, பெல்லு அடிச்சிடப் போறான்!"

முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தேன். அவ்வளவு ஆசையாக என்னைத் திட்ட அதற்கப்புறம் யாரும் வாய்க்கவில்லை.