நான் நோன்பு திறந்து வைத்த மல்லிகைச் செடி

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மற்றபடி கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. (என் மனைவி ஜமீலா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.) ஆனால் ஒரு கல்யாணத்தைக் கந்தலாக்க இந்த ஒன்றே போதும் என்பதை நிரூபித்தவன் நான்.

பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தேன். குளிர் தொடங்கினால் அந்த வீட்டுத் தோட்டத்தில் பெட்டூனியா நடுவார்கள். பங்குனி வரை ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். காலை, மாலை இருவேளை தண்ணீர். தோட்டக்காரர் ஊருக்குப் போயிருந்தபோது ஒரே ஒரு நாள் நான் ஊற்ற மறந்தேன். சாயங்காலம் பாத்தி முழுக்கத் துவண்டு கிடந்தது. அன்று வாங்கிய திட்டில் கற்றுக்கொண்டேன்: பூ என்றால் தண்ணீர். தோட்டக்கலையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை நிறைய என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவாரூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குண்டுமல்லிச் செடி உண்டு. மகள் ஆயிஷா பிறந்த வருஷம் ஜமீலா வைத்தது. என் லீவு எப்போதும் மார்கழியில் வரும்; செடி பூப்பதோ பங்குனியில். அதனால் அதன் பூவைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். ஆயிஷா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதையும் அப்படித்தான் பார்த்தேன். ஒரேயடியாக ஊர் திரும்பி, அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமானபோது, ஒன்றையாவது என் கையால் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

"பூ மட்டும் கொண்டாராதீங்க சம்பந்தி. பொண்ணு தலைக்கு எங்க வீட்டு மல்லிதான்" என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பெருநாள் கழிந்து பத்தாம் நாள் நிக்காஹ். நோன்பு மாதம் பிறந்ததும் ஜமீலா செடியின் நுனிகளை நறுக்கி, இலைகளை உருவி, தண்ணீரை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறையில் அவள் அக்காவுக்கு ஆபரேஷன். மகளையும் கூட்டிக்கொண்டு பதினைந்து நாள் துணைக்குக் கிளம்பினாள்.

"செடியக் காயப் போட்டிருக்கேன். நல்லாக் காஞ்சாத்தான் மொட்டு வைக்கும். நான் வந்து தண்ணி வுட்டுக்கிறேன். நீங்க தொடாதீங்க" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயில். ஆற்றிலும் தண்ணீர் நிறுத்தியாயிற்று. நோன்பில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே இலையில்லாமல் அந்தச் செடி. நான் அல்லாஹ்வுக்காகத் தாகமாக இருக்கிறேன், இது பாவம் யாருக்காக என்று தோன்றியது. ஒரு வாளி ஊற்றினேன். மறுநாள் இரண்டு வாளி. அதற்கடுத்த நாள் ஹோஸ் பைப்பே போட்டுவிட்டேன். தளிர் வந்ததும் உற்சாகம் தாங்காமல் எதிர்வீட்டு விவசாயி கோவிந்தராஜிடம் ஒரு கை யூரியா கேட்டேன்.

"மல்லிக்கா பாய் யூரியா? கீரைன்னாச் சொல்லுங்க" என்று இழுத்துக்கொண்டே கொடுத்தார்.

ஜமீலா திரும்பி வந்தபோது செடி இடுப்பளவுக்கு, பச்சைப் பசேலென்று மினுமினுத்தது. பக்கத்தில் நான் சிரித்தபடி நின்றேன். அவள் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"நோன்பு வச்ச செடிய நீங்க பாட்டுக்கு நோன்பு தொறக்க வச்சிட்டீங்களே!"

"எப்புடித் தழைச்சிருக்கு பாரு!"

"ஆட்டுக்குப் போடலாம். உங்க மவ தலையில வைக்க முடியுமா? மரியாதையா டவுன்ல பூக்காரம்மாகிட்டச் சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன்" என்றேன் இரண்டு நாள் கழித்து. (நோன்போடு பொய், அல்லாஹ் மன்னிக்கட்டும்.) உண்மையில் அன்று காலை மூன்று மொட்டு பார்த்திருந்தேன். மூன்று முந்நூறாகாதா என்ற நப்பாசை.

நிக்காஹ் அன்று காலையில் மொத்தம் பதினோரு மொட்டு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருவாரூருக்குப் பறந்தேன். ஊர் முழுக்கக் கூட்டம்.

"தேர் அன்னைக்கு வந்து மல்லி கேக்குறீங்களே பாய்! நேத்தே சொல்ல வேணாமா?" என்றார் பூக்காரம்மா. அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு முழம் கனகாம்பரம்.

நான் கொண்டுவந்த பூப் பையைப் பார்த்த ஜமீலா திட்டவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. உட்கார்ந்து பதினோரு மல்லியையும் கனகாம்பரத்துக்கு நடுவே செருகிக் கட்டினாள். ஆயிஷாதான் வாய் திறந்தாள்.

"வுடுங்கத்தா. முக்காடு போட்டா எது பூவு, எது நாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

நான் பிரியாணி தேக்சாக்களுக்குப் பின்னால் போய் அழுதேன். இத்தனை வருஷம் எல்லாம் வாங்கி அனுப்பினேனே, பிள்ளைக்கு இரண்டு முழம் பூ கொடுக்கத் துப்பில்லையே என்று அழுதேன். சமையல்காரர் பார்த்துவிட்டார். "வெங்காயம்" என்றேன். "அரிஞ்சு முடிச்சு ரெண்டு மணி நேரமாச்சே பாய்" என்றார்.

கல்யாண அலைச்சலில் யாரும் கொல்லைப் பக்கம் போகவில்லை. செடி நிம்மதியாகக் காய்ந்தது. ஜமீலா அளவாகத் தண்ணீர் விட்டாள். வைகாசியில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கொட்டியது. ஆயிஷா அதற்குள் சென்னைக்கு மாமியார் வீடு போய்விட்டாள். எங்கள் தெருவில் பூ இல்லாத தலையே இல்லை.

இப்போது மகளும் மாப்பிள்ளையும் கனடாவில். போன வாரம் வீடியோ காலில் அவர்கள் வீட்டுப் பின்புறத்தைக் காட்டினாள். ஓரத்தில் கரையாத பனி. நடுவில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ.

"தண்ணி ஊத்துறியாம்மா?"

"நாலு மாசமாக் கெழங்கு பனிக்குள்ள கெடந்துச்சுத்தா. யாரும் ஒண்ணும் செய்யல. அதுவா வந்துருக்கு."

நான் தொடர்ந்தேன். சாப்பிட்டாயா, முகம் ஏன் வாடியிருக்கிறது, மாப்பிள்ளை நேரத்துக்கு வீடு வருகிறாரா, நான் வேண்டுமானால் அவரிடம் ஒரு வார்த்தை பேசட்டுமா?

"அத்தா, ரொம்பத் தண்ணி ஊத்துறீங்க!"

எங்கள் குடும்பத்தில் யார் யாரிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டினாலும் இதுதான் பதில். மாப்பிள்ளைகூடச் சொல்லப் பழகிவிட்டார். நான் போனை ஜமீலாவிடம் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் பொறுத்திருப்பேன். பிறகு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஸ்வெட்டர் போட்டிருக்கியாம்மா?" என்றேன்.