மூக்கில் ஒட்டிய தங்கம்

ஃபேனை நிறுத்த வேண்டும் என்று பட்டாபிராமனுக்குத் தோன்றியபோது, முதல் தங்க ரேக்கு பறந்து போய் அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது.

தஞ்சாவூர் ஓவியத்தில் அந்த மெல்லிய தங்கத்தை ஒட்டுவது அவர் மனைவி சாவித்ரியின் வேலை. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது குழந்தைக் கிருஷ்ணரை இரும்புலியூர் வீட்டு மேஜையில் பாதியில் வைத்துவிட்டு, "இதைத் தொடாதீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அவர் கை வைத்து மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எதுவும் பிழைத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நாளை அவளுடைய வருஷாப்தீகம், முதல் வருஷத் திவசம். "அம்மாவோட கிருஷ்ணர் முடிஞ்சிருந்ததாப்பா?" என்று மகள் விஷ்ணுப்ரியா பெங்களூரிலிருந்து கேட்டபோது, "எப்பவோ முடிஞ்சாச்சும்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

ஃபேனை நிறுத்தினார். வியர்த்துக் கொட்டியது. இரண்டாவது ரேக்கு படத்தில் ஒட்டாமல் அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"மூக்குல இன்னா சார்?" என்றாள் வீட்டு வேலைக்கு வரும் செல்லியம்மாள், துடைப்பமும் கையுமாக.

"தங்கம்."

"நல்லாத்தான் கீது."

பசை போதவில்லை என்று நினைத்து, கிண்ணத்தோடு சாய்த்துப் பூசினார். சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துச் சாவித்ரி புள்ளி புள்ளியாக எழுப்பியிருந்த மாலை ஊறிப்போய்விட்டது. பதறி, அவளுடைய ஹேர் டிரையரைக் கொண்டுவந்து காயவைத்தார். மாலை பொருக்காகக் கிளம்பி, பதித்த கற்களையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. கிருஷ்ணருக்கு மிஞ்சியது கையிலிருந்த வெண்ணெய் மட்டும்தான்.

பட்டாபிராமன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக அந்தப் படத்துக்கு எதிரில்தான் தனியாகச் சாப்பிட்டு வந்தார். அவள் விரல் கடைசியாகப் பட்ட பொருள் அது. துகள்களைப் பொறுக்கப் பொறுக்க அழுகை வந்தது. காரியத்தன்று எல்லோரும் அழ, பந்தியில் சாம்பார் போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது குழந்தை மாதிரி விம்மினார்.

"பெருக்கிடாதே செல்லி. அது அவ கைவேலை."

செல்லியம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். அவர் அழுது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா முழுசா முடிச்ச கிருஷ்ணரு எங்க வூட்டு பீரோவுல கீது சார், 'இத்த எப்படியும் கெடுப்பாரு, அப்பத்தான் அழுவாரு, அழுதப்புறம் அத்த குடு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."